இழை போட்டாயிற்று, பழுது பார்ப்பவர் யார்?

சங்கராபுரம் கடைவீதியில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலைத்தொடர் நீலக்கோடு போலத் தெரியும். கண்ணுக்கு எட்டுகிற தொலைவுதான். ஆயினும் அம்மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் சிற்றூர்கள் பலவற்றில், ஒரு மாணவன் தன் தேர்வு முடிவைப் பார்க்க வேண்டுமானால் செல்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மேட்டு நிலம் தேடி நடக்க வேண்டியிருக்கிறது. அடிவாரத்தில் உள்ளவனுக்கு நொடியில் கிடைப்பது, மலைமேல் உள்ளவனுக்கு அரைநாள் வேலையாகிறது.

இதை ஒரு சிறு வசதிக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. 2020 அக்டோபர் முதல் தமிழகத்து ரேஷன் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகையைச் செல்பேசிப் படத்தின் மூலம் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் ஆகிய எல்லாமே இன்று இணையத்தின் வழியாகத்தான் நடைபெறுகின்றன. அரசு தன் வாசலை இணையத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டது. அந்த வாசலுக்குச் செல்லும் பாதையை எல்லோருக்கும் போட்டு முடிக்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட பின்னர், சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. அதன் பிறகே அம்மலையின் சாலைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் வெளியுலகின் பேச்சுக்கு வந்தன.

இணைய வசதியை ஊரகங்களுக்குக் கொண்டுசெல்ல அரசும் தனியாரும் மக்களும் கைகோக்க வேண்டும், 'கூட்டு முயற்சி' ஒன்றே வழி என்று திட்ட அறிக்கைகள் எல்லாம் கூறுகின்றன. கூட்டு வேண்டும் என்பதில் நமக்கும் மாறுபாடில்லை. ஆனால் எதில் கூட்டு? வடம் இழுப்பதிலா, இழுத்த வடத்தைக் காப்பதிலா? நம் நாட்டுக் கூட்டுத் திட்டங்களை இந்த ஒரு கேள்வியைக் கொண்டு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அறிவியல் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். செல்பேசிக்கும் கம்பியில்லா இணையத்துக்கும் பயன்படும் மிகுந்த அதிர்வெண் கொண்ட மின்காந்த அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்கின்றன. சமவெளியில் ஒரு கோபுரம் நிறுத்தினால் சுற்றிலும் பல கிலோமீட்டருக்கு அதன் பார்வை படும். மலையிலோ ஒரு முகடு குறுக்கிட்டாலே போதும், அதன் பின்னாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழுந்துவிடும். மலையூர்களுக்குக் கோபுரம் எழுப்பும் செலவு கூடுதல். அதனால் பயனடையும் வீடுகளோ குறைவு. தனியார் நிறுவனங்கள் மலையேறத் தயங்குவதற்கு இதுவே காரணம். இந்தக் குறையைப் போக்கவே, செல்பேசி வசதி எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி சேவையை அரசுச் செலவில் பி.எஸ்.என்.எல். மூலம் கொண்டுசெல்ல 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

கோபுரம் எழுப்பினாலும் அதற்குப் பின்னால் தகவலைச் சுமந்து செல்ல ஒரு தடித்த பாதை வேண்டும். அதுதான் ஒளியிழை. மயிரிழை போன்ற கண்ணாடி நூலுக்குள் ஒளியைச் செலுத்தித் தகவல் அனுப்பலாம் என்பதை 1966இல் சார்ல்ஸ் காவ் எடுத்துக்காட்டியபோது, ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும் என்பதுதான் அவர் வைத்த இலக்கு. இன்று விற்பனையாகும் சாதாரண இழையில் பதினைந்து கிலோமீட்டர் சென்ற பிறகும் பாதி ஒளி எஞ்சி நிற்கிறது! கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர். இருபது கிலோமீட்டரைக் கடக்க நொடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு போதும். எனவே மலையடிவாரத்துக்கும் மலையுச்சிக்கும் இடையே அறிவியல் வைத்திருக்கும் தடை எதுவும் இல்லை.

(துணைக்கோள் இல்லையா என்று சிலர் கேட்பர். பூமிக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோள் வழியே கேள்வி போய் விடை வருவதற்குள் அரைநொடி ஓடிவிடும். சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் புதிய துணைக்கோள் கூட்டங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கிவிட்டன. ஆனால் அவற்றின் கட்டணம் மலைவாழ் குடும்பம் ஒன்றின் கைக்கு எட்டுவதாக இல்லை.)

பழைய பாடங்கள்

நாற்பதைக் கடந்த வாசகர்களுக்கு மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் நினைவிருக்கும். 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிரூட்டும் வசதி இல்லாத சிற்றூர்களிலும் வெயிலையும் தூசியையும் தாங்கி இயங்கும் சிறிய தொலைபேசி இணைப்பகத்தை உருவாக்கியது. அது தொழில்நுட்பப் பக்கம். சமூகப் பக்கத்தில், தெருமுனைக் கடைக்காரருக்கு ஒவ்வோர் அழைப்பின் கட்டணத்திலும் ஒரு பங்கு என்று விதி செய்தார்கள். தொலைபேசி ஒருநாள் பேசவில்லையென்றால் கடைக்காரரின் அன்றைய வருமானம் போயிற்று. ஆகவே அவர் இணைப்பகத்துக்கு நடையாய் நடந்தார். லைன்மேனைப் பிடித்து வந்தார். இதைக் 'கூட்டு முயற்சி' என்று அன்று எவரும் பெரிதாக அழைக்கவில்லை. ஆனால் நாம் கண்டவற்றில் நன்றாக ஓடிய கூட்டு அதுதான்.

இதே எண்ணத்தை இணையத்துக்குப் பொருத்திப் பார்த்தவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவரது குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறை, ஒரு கோபுரத்திலிருந்து நேர்பார்வையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் வரை பேச்சையும் இணையத்தையும் கொண்டுசென்றது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய செல்பேசி எடுக்கும் 2 மெகாபைட் படம் ஒன்றை 35 கிலோபிட் வேகத்தில் அனுப்ப ஏழு நிமிடத்துக்கு மேலாகும். எனினும் அந்நாளில் அது பெரிய வரம். இம்முறையைக் கொண்டு 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகங்கள், என்-லாக் என்ற நிறுவனம் ஆகியவை அதில் கூட்டாளிகள். கூட்டாளிகளின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் இதைவிட வலுவான கூட்டு வேறு கிடைக்குமா என்று தோன்றும்.

மேலூரில் நல்ல காரியங்கள் நடந்தன. நோயுற்ற வெண்டைச் செடியின் படம் மதுரை வேளாண் கல்லூரிக்குப் போய் அறிவுரை திரும்பி வந்தது. கண்ணோயாளிகளின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றன. வருமானச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் ஊரிலிருந்தபடியே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப முடிந்தது. அலைச்சலும் கைச்செலவும் மிச்சமாயின.

பிறகு என்ன ஆயிற்று? இத்திட்டத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. திட்டத்தில் அக்கறை கொண்ட அதிகாரிகள் மாற்றலாகிச் சென்றதும் அரசுச் சேவைகள் மெல்ல நின்றுபோயின. மையத்தின் கணிப்பொறி அப்படியே இருந்தது. கோபுரமும் அப்படியே நின்றது. விண்ணப்பத்தை மறுமுனையில் எடுத்துப் பார்க்க ஆளில்லை. அதனால் மையம் நடத்தியவரின் வருமானம் சுருங்கிற்று. கடன் வாங்கிக் கடை திறந்த இளைஞர் எத்தனை மாதம் கையிலிருந்து போட்டுத் தாக்குப்பிடிப்பார்? தனிநபர்கள் நடத்திய மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. எஸ்.டி.டி. பூத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதன் உயிரை எடுத்துக்கொள்ளவில்லை. பூத்தில் வாடிக்கையாளருக்கு வேண்டிய பொருளைத் தொலைபேசிக் கம்பியே கொடுத்தது. மேலூரிலோ அப்பொருள் அரசு அலுவலகத்தின் கையில் இருந்தது. அந்த அலுவலகத்தை ஒப்பந்தம் கட்டவில்லை; ஓர் அதிகாரியின் நல்லெண்ணம்தான் கட்டியிருந்தது.

புதுச்சேரிப் பக்கம் இதற்குச் சற்று முன்பே, 1998இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியில் சென்றது. வில்லியனூரில் ஒரு நடுமையம். அங்கிருந்து ரேடியோ வழியாகச் சிற்றூர் மையங்களுக்குச் செய்தி. இடமும் ஆளும் ஊரார் தர வேண்டும், கருவி நிறுவனம் தரும், தலித் மக்கள் உட்பட எல்லோரும் மையத்துக்குள் வரலாம் என்ற நிபந்தனையின் மேல் மையங்கள் அமைந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த மீனவர்களில் பெரும்பாலோர் கணிப்பொறியைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஒலிபெருக்கி ஒருநாள் பேசாவிட்டால் மறுநாள் கேட்டிருப்பார்கள். குறைந்த வேகம், நிறைந்த பயன்! வேகத்தை மட்டும் அளந்து திட்டங்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி தேனிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவரின் குழு முன்வந்தது. வீட்டில் பயன்படும் மலிவான வை-ஃபை கருவியையே நெடுந்தூரத்துக்குப் பயன்படுத்த எண்ணினார்கள். அதில் ஒரு சிக்கல். வை-ஃபை ஒவ்வொரு தகவல் துணுக்கையும் அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். ஓர் அறைக்குள் பதில் உடனே வந்துவிடும். பல கிலோமீட்டர் தொலைவில் பதில் வந்து சேருமுன் காத்திருக்கும் நேரம் கடந்துவிடுவதால், கருவி துணுக்கு தொலைந்துவிட்டதாக எண்ணி மறுபடியும் மறுபடியும் அனுப்பும். உள்ளூர்க்காரருக்கு எழுதியதைப் போல வெளிநாட்டு உறவினருக்குக் கடிதம் எழுதிவிட்டு, மறுநாளே பதில் காணோமென்று அதே கடிதத்தைத் திரும்ப எழுதுவது போன்றது இது. ஆராய்ச்சியாளர்கள் அந்த விதியை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசவும், பல துணுக்குகளுக்குச் சேர்த்து ஒரே பதில் அனுப்பவும் செய்தார்கள். தேனியில் இருக்கும் மருத்துவர் சிற்றூரில் இருக்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது.

அறிவியல் வெற்றி இத்துடன் முடிந்தது. ஆனால் அக்குழு 2008இல் எழுதிய கட்டுரையின் மதிப்பு, அதற்குப் பின் நேர்ந்தவற்றை ஒளிக்காமல் சொன்னதில் இருக்கிறது. ஊரகங்களில் தாங்கள் சந்தித்த பழுதுகளில் பத்துக்கு ஒன்பது மின்சாரத்தால் வந்தவை என்று அவர்கள் கண்டார்கள். அலைவரிசையும் கணிப்பு விதிகளும் அல்ல, மின்னழுத்தம் ஏறியிறங்கியதே கருவிகளைக் கெடுத்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் பெர்க்கிலிக்காரர்களே வழி சொல்ல வேண்டியிருந்தது. பின்னர் மின்கலத்தைக் காக்கும் கருவிகளைப் பொருத்தி, மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து, பழுது நீக்கும் பொறுப்பைப் படிப்படியாக அவர்களிடமே ஒப்படைத்தார்கள். இணைப்பு நின்றால் மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவது நின்றுவிடும். பழுது பார்க்க வேண்டியவரும் பழுதினால் நட்டமடைபவரும் ஒருவரே என்ற நிலை அமைந்ததால் அக்கூட்டு நிலைத்தது.

வீட்டுக்குப் போகாத வடம்

இந்த உரைகல்லை நாட்டின் மிகப் பெரிய திட்டத்திடம் கொண்டுசெல்வோம். ஊராட்சிகள் அனைத்தையும் ஒளியிழையால் இணைக்க 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்துக்குப் பின்னர் 'பாரத்நெட்' என்று பெயர் வந்தது. 2025இன் தொடக்கத்தில் அரசு தந்த கணக்கின்படி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் 'சேவைக்குத் தயார்'. ஏறத்தாழ ஏழு லட்சம் கிலோமீட்டர் வடம் இழுத்தாயிற்று. பூமியை நடுக்கோட்டில் பதினேழு முறை சுற்றும் நீளம் இது! அதே கணக்கில் வீடுகளுக்குத் தந்த இணைப்புகளையும் பாருங்கள்: சுமார் பன்னிரண்டு லட்சம். வகுத்துப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு வீடுகள்.

'சேவைக்குத் தயார்' என்ற சொற்றொடரை உண்டாக்கியவரைப் பாராட்டத்தான் வேண்டும். பந்தியில் இலை போட்டாயிற்று என்பதற்கும் சாப்பாடு போட்டாயிற்று என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது அழகாக மறைக்கிறது. வடம் போட்டவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் கூலி கிடைத்தது. ஊராட்சி அலுவலகம் வரை வந்த வடத்தில் ஒளி ஓடுகிறதா, அங்கிருந்து வீட்டுக்குப் போகிறதா என்பதற்குக் கூலி வைத்திருக்கவில்லை.

தனியார் கூட்டிலும் சோதனை நடந்தது. 2021 ஜூனில் பதினாறு மாநிலங்களில் அரசு - தனியார் கூட்டாக இத்திட்டத்தை நடத்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நட்டத்தை ஈடுசெய்ய 19,041 கோடி ரூபாய் வரை தரவும் அரசு இசைந்தது. ஆனால் ஏலம் கேட்க எவரும் முன்வரவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. இதைத் தனியாரின் பேராசை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் பிறர் போட்ட வடத்தை, அதன் ஒட்டுகள் எந்த நிலையில் உள்ளன என்று அறியாமல், முப்பது ஆண்டு காப்பேன் என்று கையெழுத்திட யார்தான் துணிவார்?

தமிழகம் அந்தப் பதினாறில் இல்லை. இங்கே 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பை மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. 2020இல் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் குறித்துப் புகார் எழுந்து, மத்திய அரசு அதை நீக்கிவிட்டுப் புதிதாகக் கோரச் சொன்னதால் காலம் கழிந்தது. பிறகு வேலை தொடங்கி, வடத்தின் பெரும்பகுதி மண்ணைத் தோண்டாமல் மின்கம்பங்களின் மேலே கட்டிக்கொண்டு செல்லப்படுகிறது. செலவும் நேரமும் மிச்சம்; ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கம்பம் மின்வாரியத்துடையது, வடம் நிறுவனத்துடையது, இழுத்துக் கட்டியவர் ஒப்பந்தக்காரர், பெட்டியும் மின்கலமும் இருப்பது ஊராட்சியின் கட்டடத்தில், அந்த அறையின் சாவி ஊராட்சிச் செயலரிடம். காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து வடத்தின் மேல் விழுந்தால், இந்த ஐவரில் யாருடைய அன்றைய வருமானம் குறைகிறது? ஒருவருடையதும் இல்லை. குறைவதெல்லாம் ரேஷன் கடை வாசலில் கைரேகைக்காகக் காத்து நிற்பவரின் கூலி.

சமவெளியில் ஒரு வடம் அறுந்தால் அரைநாளில் கண்டுபிடிக்கலாம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் அது எளிதன்று. இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை அளந்து பழுதின் தொலைவைக் கணிக்கும் கருவி உண்டு. கிணற்றில் கல்லைப் போட்டு ஓசை வரும் நேரத்தால் ஆழம் அறிவது போன்றது. கருவி இடத்தைச் சொல்லிவிடும். அங்கே ஏறிப் போய் இழையின் இரு முனைகளையும் உருக்கி ஒட்டத் தெரிந்த ஆள் மலையிலேயே இருக்க வேண்டும். சில வாரப் பயிற்சியில் கற்கக்கூடிய வேலைதான் அது. மலையூரைச் சேர்ந்த இளைஞர்கள் சிலருக்கு அப்பயிற்சியையும் கருவியையும் தந்து, வடம் உயிரோடு இருந்த நாள்களுக்கு ஊதியமும், வீட்டு இணைப்புகளின் கட்டணத்தில் ஒரு பங்கும் தரலாம். உள்ளூர்த் தொழில்முனைவோரோடு வருவாயைப் பங்கிடும் முறையை பி.எஸ்.என்.எல். ஏற்கெனவே நடத்தி வருகிறது. ஆகவே இது ஆகாத காரியம் அல்ல.

2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்தியமைக்கப்பட்ட பாரத்நெட், பழைய தவறுகளில் இரண்டை உணர்ந்திருப்பதாகத் தெரிகிறது. பத்தாண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறது. ஒற்றைக் கோடாகப் போன வடத்தை வளையமாக மாற்றச் சொல்கிறது. ஒற்றைக் கோட்டில் அடிவாரத்தில் ஓரிடம் அறுந்தால் மேலுள்ள ஊர்கள் அத்தனையும் இருண்டுபோகும். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் ஒளி மறுபக்கமாகச் சுற்றி வந்து சேரும்.

கல்வராயன் மலையில் அந்த வளையத்தை எப்படி மூடுவது என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி. ஒரே மலைச்சாலையில் ஏறுவதற்கொரு வடம், இறங்குவதற்கொரு வடம் என்று ஒரே கம்பத்தில் கட்டினால் அது வரைபடத்தில் மட்டுமே வளையம். ஒரு மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அறும். உண்மையான வளையம் வேண்டுமென்றால், வெள்ளிமலைப் பக்கம் ஏறிய வடம் மலையைக் கடந்து கருமந்துறைப் பக்கமாகச் சேலம் மாவட்டத்தில் இறங்க வேண்டும். இரண்டு மாவட்ட நிர்வாகங்கள், இரு பக்கத்து மின்வாரிய அலுவலகங்கள், இடையில் வனத்துறை ஆகிய எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டிய காரியம் அது. மலையின் இரு சரிவிலும் வாழ்பவர்கள் ஒரே மலையாளி மக்கள். மாவட்ட எல்லைக்கோடு அவர்களுடைய சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் தடையாக இருந்ததில்லை.